தோர்தோனிலிருந்து ப்ரொவான்ஸ்: ஒரே மூச்சில் போவதா, நடுவில் ஓர் இரவு தங்குவதா?

பிரான்சின் தென்மேற்கே தோர்தோனில் ஒரு வாரம், அடுத்த வாரம் தென்கிழக்கே ப்ரொவான்ஸ் என்று கோடை விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நடுவில் எங்கே தங்கலாம்?" இந்த வருடம் மூன்று குடும்பங்கள் கேட்டாகிவிட்டது. மூவருக்கும் முதல் வீடு சார்லா ஊரை ஒட்டி, இரண்டாவது வீடு அவிஞோனைச் சுற்றி. ஆளாளுக்கு வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கார்கசோன், அல்பி, மிய்யோ. மூவரும் இந்த மூன்று ஊர்களில் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நாலாவதாக "பேசாமல் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டால் என்ன?" என்பதும் உண்டு. எல்லாரும் "எது அழகான ஊர்?" என்று ஆரம்பிக்கிறார்கள். அழகைப் பொறுத்தவரை மூன்றுமே அழகுதான். ஆனால் நடுவழி இரவு என்பது சாயங்காலம் நாலு மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணி வரை. அதிலும் காருக்குள் இரண்டு வாரத்துச் சாமான் இருக்கும். அந்தப் பதினெட்டு மணி நேரத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது.

முதலில் சனிக்கிழமைக் கணக்கு

ஊருக்கு முன்னால் கிழமையைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கிராமப்புற வாடகை வீடுகள், அதாவது ழீத், பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்றுதான் கிடைக்கும். காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும், புது வீட்டுச் சாவி மாலை நாலு அல்லது ஐந்து மணிக்குத்தான். இரண்டு வீடும் இந்த முறையில் என்றால், நடுவில் ஹோட்டலில் போடும் இரவுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறீர்கள். வார வாடகை 910 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவு 130. ஹோட்டல் பில்லோடு இதையும் கூட்டிப் பாருங்கள். யாரும் கூட்டுவதில்லை.

சரி, எந்த வீட்டின் இரவை விட்டுக்கொடுப்பது? முதல் வீட்டின் வெள்ளி இரவையா, இரண்டாவது வீட்டின் சனி இரவையா? என் ஓட்டு வெள்ளிக்கு. சனி இரவை விட்டால் ஞாயிறு மாலை போய்ச் சேருவீர்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு பல ஊர்களில் சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், புது வீட்டின் ஃப்ரிட்ஜ் காலியாக இருக்கும், பிள்ளைகள் "பால் எங்கே?" என்பார்கள். அதோடு சனிக்கிழமைதான் சாலையில் மோசமான நாள். போக்குவரத்தை முன்கூட்டிச் சொல்லும் அரசுச் சேவையான பிசோன் ஃபூத்தே நாட்களைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று பிரிக்கும். நெரிசல் உச்சத்தில் இருக்கும் கறுப்பு நாட்கள் கோடையில் வருவது பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான். வெள்ளியன்று கிளம்பி நடுவில் தங்கினால் மொத்தத் தூரத்தில் பாதியைச் சனிக்கு முன்பே கழித்துவிடுகிறீர்கள். ஒரே ஒரு வேலை கூடும்: வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, வீட்டைச் சரிபார்த்து முன்பணத்தைத் திருப்பித் தருவதை வெள்ளிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

திசையும் முக்கியம். நார்போனிலிருந்து நீம் வரைக்கும் ஏ9 சாலையில் நாம் போவது வடகிழக்காக. ஜூலையில் கூட்டம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம், ஸ்பெயினை நோக்கி இறங்கும். ஆகஸ்டில் கடற்கரையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் நம் பக்கத்தில் வந்துவிடுவார்கள். ஜூலையில் போய் வந்த நண்பர் "ரோடு காலியா இருந்துச்சு" என்று சொன்னதை நம்பி ஆகஸ்டில் கிளம்பாதீர்கள்.

எதை வைத்து எடைபோடுகிறேன்

எனக்கு நாலு விஷயம். தங்கும் ஊர் வழியை எந்த விகிதத்தில் வெட்டுகிறது. சாமான் ஏற்றிய காரை இரவில் எங்கே விடுவது. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை காரைத் தொடாமல், கால்நடையாகப் பார்க்க என்ன இருக்கிறது. காருக்குள் யார் யார் இருக்கிறார்கள். டோல் ஐந்தாவதாகத்தான் வருகிறது. எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்றாலும்.

இதில் காரை விடும் இடம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பட்டது நான். கூரைமேல் பெட்டி மாட்டிக்கொண்டு கார்கசோனின் கீழ்நகரில் ஒரு நிலத்தடிப் பார்க்கிங்கில் நுழையப் போனேன். வாசலில் சங்கிலியில் தொங்கும் மஞ்சள் கம்பியில் 1.90 மீ என்று எழுதியிருந்தது. எங்கள் கார் பெட்டியோடு சேர்த்து 2 மீட்டருக்கு மேல். அதைப் படித்து முடிப்பதற்குள் பின்னால் நாலு கார் வந்துவிட்டன. மனைவி இறங்கிப் போய் ஒவ்வொரு காராகக் கும்பிடு போட்டுப் பின்வாங்கச் சொன்னாள். பின் சீட்டில் மாமியார், "பெட்டியக் கழட்டி மடியில வச்சுக்கலாமே" என்று யோசனை சொன்னார். அதிலிருந்து ஹோட்டல் பதிவு செய்யும்போது நான் கேட்கும் முதல் கேள்வி "காலை உணவு உண்டா?" அல்ல, "திறந்தவெளியில், கதவு போட்ட பார்க்கிங் உண்டா?"

ஒரே மூச்சில் ஓட்டுவது

காவோர், துலூஸ், நார்போன், நீம் வழியாகச் சுமார் 510 கிலோமீட்டர். சக்கரம் சுற்றும் நேரம் மட்டும் ஐந்தேகால் மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும் என்பது பிரான்சில் சாலைப் பாதுகாப்புப் பாடத்தின் முதல் வரி. சாப்பாடு, பெட்ரோல், கழிப்பறை எல்லாம் சேர்த்தால் நல்ல நாளில் ஏழு மணி நேரம். ஆகஸ்டுச் சனியில் எட்டோ ஒன்பதோ ஆகும். டோல் 40 யூரோவைத் தாண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நெரிசலுக்குப் பயந்து விடியற்காலை ஐந்துக்கே கிளம்பினால் மதியம் பன்னிரண்டுக்குப் போய் நிற்பீர்கள், வீடு ஐந்து மணிக்குத்தான் திறக்கும். 35 டிகிரி வெயிலில் தூக்கம் கெட்ட பிள்ளைகளோடு ஐந்து மணி நேரம் எங்கே உட்காருவது? அதனால் ஏழு மணிக்குக் கிளம்பி, கடைசி இரண்டு மணி நேரத்தை வழியிலேயே ஓரிடத்தில் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த இடம் எது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர், காரில் தூங்கிவிடும் பிள்ளைகள், இரண்டு பக்கமும் சனி முதல் சனி வாடகை, கையில் அளவான காசு: இப்படி என்றால் தங்கவே வேண்டாம், நேராகப் போய்விடுங்கள். ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கார்கசோன்

வழியை வெட்டும் விகிதத்தில் இதுதான் முதலிடம். முதல் நாள் 275 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். மறுநாள் 240, இரண்டரை மணி நேரம். முழுக்க மோட்டார்வே, திருப்பம் கிடையாது, தலைசுற்றல் கிடையாது. வெள்ளி மாலை நாலிலிருந்து ஏழு வரை துலூஸ் சுற்றுச்சாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

குன்றின் மேல் இரட்டைச் சுவர்க் கோட்டை. 52 கோபுரங்கள், 3 கிலோமீட்டர் மதில். 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துய்க் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தபோது கோபுரங்களுக்குக் கூரான கூம்புக் கூரை போட்டார், "தென்பகுதிக்கு இது பொருந்தாது" என்று அன்றிலிருந்து சண்டை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சண்டையெல்லாம் தெரியாது. கதைப் புத்தகத்தில் பார்த்த கோட்டை நேரில் நிற்கிறது, அவ்வளவுதான். கோட்டைக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, உள்ளே இருக்கும் பிரபுவின் அரண்மனைக்கும் மதில்மேல் நடைக்கும்தான் டிக்கெட். பகலில் வாள், கேடயம், ஐஸ்கிரீம் விற்கும் கடைகளும் கூட்டமுமாகத் திருவிழா மாதிரி இருக்கும். எனக்குப் பகல் கார்கசோன் பிடிக்காது, ஒளிக்கவில்லை. பகல் பயணிகள் கிளம்பிய பிறகு, இரவு எட்டரைக்கு மேல் அதே சந்துகளில் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். நடுவழி இரவு போடுகிறவருக்கு வாய்ப்பது அந்த நேரம்தான். அந்த வகையில் இது நமக்காகவே செய்த ஊர்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், கோட்டைக்குள் ஹோட்டல் விலை அதிகம், கார் வெளியேதான் நிற்கும். கீழ்நகரில் தங்கினால் மலிவு, ஆனால் பழைய பாலத்தைக் கடந்து கோட்டைக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் நடை, கடைசிப் பகுதி ஏற்றம். மேலே தரை முழுக்க உருளைக்கல். முழங்கால் வலிக்காரர்கள் கஷ்டப்படுவார்கள். எங்கள் மாமியார் வாசல் கல்திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் போய்வரச் சொல்லிவிட்டார். ஜூலை 14 இரவில் கோட்டையே தீப்பிடித்த மாதிரி வாணவேடிக்கை நடக்கும், பார்க்க ஊரே திரளும். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடியுங்கள், இல்லையென்றால் அன்று அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த ஊர்ப் பெருமை கசூலே. மண்சட்டியில் வெள்ளை பீன்ஸ், பார்க்க மொச்சைக் குழம்பு போல மணக்க மணக்க வரும். உள்ளே வாத்தும் பன்றி இறைச்சியும். "பீன்ஸ்தானே" என்று ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

அல்பி

என் மனதுக்குப் பிடித்தது இது. ஆனால் முதலில் இதன் குறையைச் சொல்லிவிடுகிறேன்: வழியைச் சரியாக வெட்டாது. முதல் நாள் சுமார் 210 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம், சுகம். மறுநாள் பாரம். மலைச்சாலையில் சேன்-அஃப்ரீக் வழியாக ஏ75-ஐப் பிடித்து மோன்பெலியே, நீம் என்று போனால் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நாலேகால் மணி நேரம். துலூஸ் திரும்பி மோட்டார்வேயிலேயே போனால் 400 கிலோமீட்டர், நேரம் ஏறக்குறைய அதே. மாவட்டச் சாலைகளில் வேக வரம்பு 2018 முதல் 80 கிலோமீட்டர், சில மாவட்டங்களில் மட்டும் சில சாலைகளை மறுபடி 90 ஆக்கியிருக்கிறார்கள். அதனால் வரைபடத்தில் குட்டியாகத் தெரியும் தூரம் ஸ்டியரிங்கில் நீளும்.

பின்னே ஏன் பிடிக்கும் என்கிறேன்? ஊர் சின்னது. பார்க்க வேண்டியவை எல்லாம் பத்து நிமிட நடைக்குள். பேராலயம், பழைய பாலம், நதிக்கரை, சந்தைக் கட்டடம் எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஏற்றம் பெரிதாக இல்லை. பேராலயத்துக்குக் கீழே பள்ளத்தில் பெரிய திறந்தவெளிப் பார்க்கிங் இருக்கிறது, கூரைப் பெட்டி இடிக்காது.

சேன்த்-செசீல் பேராலயம் 1282-இல் கட்ட ஆரம்பித்தது. முழுக்கச் செங்கல். இந்த வட்டாரத்தில் திருச்சபையை எதிர்த்த கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஒடுக்கிய பிறகு, "இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்பதுபோல் கோட்டை உருவில் எழுப்பியிருக்கிறார்கள். ஜன்னல்கள் அம்பு எய்யும் துளை மாதிரி ஒடுங்கிக் கிடக்கும், மணிக்கூண்டு 78 மீட்டர். மாலை ஏழு மணி வெயிலில் அந்தச் செங்கல் ஆரஞ்சாகி, சிவப்பாகி, கடைசியில் ஊதாவாகும். நதிக்கு அக்கரையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. மறுநாள் காலை உள்ளே போங்கள். மேற்குச் சுவரில் இறுதித் தீர்ப்பு ஓவியம். பாவிகள் கொப்பரையில் வேகிறார்கள், பிசாசுகள் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன, ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கிறிஸ்துவைக் காணோம். பின்னாளில் அந்த இடத்தைக் குடைந்து வழி திறந்ததில் நடுப்பகுதியே போய்விட்டது. நீதிபதி இல்லாத நீதிமன்றம்!

ஆயர் மாளிகையில் துலூஸ்-லோத்ரெக் ஓவியங்களின் அருங்காட்சியகம். 1864-இல் அல்பியில் பிறந்தவர் அவர். அதைப் பார்க்கத் தொடங்கினால் மதியம் ஆகிவிடும், நாலேகால் மணி நேர ஓட்டம் காத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் நதிக்கரையைச் சொல்வேன்.

மலைவழியில் போகிறவர்களுக்கு ஒரு கூலி உண்டு: ரோக்ஃபோர் கிராமம். செம்மறியாட்டுப் பாலில் செய்த சீஸ் பழுக்கும் குகைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். வெளியே கொதிக்கும்போதும் உள்ளே பத்து டிகிரி அளவில்தான் இருக்கும், ஆளுக்கொரு ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். சீஸ் வாங்கினால் குளிர்ப்பை கட்டாயம். நாங்கள் இல்லாமல் வாங்கினோம். ஆகஸ்டு மாதம், மூன்று மணி நேரப் பயணம், ஜன்னல் நாலும் திறந்தபடி.

மிய்யோ

இது ஊருக்காகத் தங்கும் இடம் அல்ல, பாலத்துக்காகத் தங்கும் இடம். ஃபிழாக், ரொதேஸ் வழியாக முதல் நாள் 230 கிலோமீட்டர்தான். ஆனால் நாலு மணி நேரம் பிடிக்கும், வளைவு மேல் வளைவு. மறுநாள் 210 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். மொத்தத் தூரம் மற்ற எல்லா வழியைவிடக் குறைவு. டோலும் குறைவு, ஏ75 சாலை இலவசம், பாலத்துக்கு மட்டும்தான் பணம். அது பத்து யூரோவுக்கு மேல், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இன்னும் கூடுதல்.

2004 டிசம்பரில் திறந்த பாலம். நீளம் 2,460 மீட்டர், தூணும் கம்பமும் சேர்ந்து உயரம் 343 மீட்டர், ஐஃபெல் கோபுரத்தைத் தாண்டும். பொறியாளர் மிஷேல் விர்லோழோ, வடிவமைப்பில் நார்மன் ஃபாஸ்டர். பலர் செய்யும் தவறு இதில்தான். ஊரிலிருந்து நேரே தெற்கே கிளம்பி ஏ75-ஐப் பிடித்தால் பாலம் பின்னால் நின்றுவிடும், ஒரு மீட்டர்கூட அதன்மேல் ஓட்டியிருக்க மாட்டீர்கள். அல்பியிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதை. காலையில் ஊரிலிருந்து வடக்கே ஏறி 45-ஆம் எண் சந்திப்புக்குப் போங்கள். அங்கே பாலத்தைப் பார்க்கும் ஓய்விடம் இருக்கிறது. பார்த்துவிட்டு, அங்கிருந்து தெற்கு நோக்கிக் கடக்க வேண்டும். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இருக்கும் காலை என்றால் தூண்கள் மேகத்திலிருந்து முளைத்த மாதிரி நிற்கும்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு மூன்று ஊரில் இதுவே பரவாயில்லை. அலிகோ என்று ஒன்று: மசித்த உருளைக்கிழங்கில் இளம் சீஸும் பூண்டும் போட்டுக் கிண்டுவார்கள், கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் இழுபடும். பக்கத்தில் சாசேஜ் வைத்துத் தருவது வழக்கம், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாலைப் பொழுதுக்கு ஊரில் பெரிதாக ஒன்றும் இல்லை. கார் ஓட்டுவதையே பொழுதுபோக்காக நினைப்பவர்களுக்கு உகந்த வழி இது. வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | முதல் நாள் | மறுநாள் | டோல் | மாலைப் பொழுது | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| நேராக | 510 கி.மீ., 5¼ மணி | இல்லை | 40 யூரோவுக்கு மேல் | இல்லை | இரண்டு ஓட்டுநர்கள், சனி–சனி வாடகை |
| கார்கசோன் | 275 கி.மீ., 3 மணிக்கு மேல் | 240 கி.மீ., 2½ மணி | நேர்வழி அளவே | இரவில் அருமை | பள்ளிப் பிள்ளைகள் |
| அல்பி | 210 கி.மீ., 2¾ மணி | 300 கி.மீ.க்கு மேல், 4¼ மணி | மலைவழியில் குறைவு | மூன்றிலும் சிறந்தது | பெரியவர்களோடு, அவசரமில்லாதவர்கள் |
| மிய்யோ | 230 கி.மீ., 4 மணி | 210 கி.மீ., 2¼ மணி | பாலம் மட்டுமே பெரிது | சுமார் | ஓட்டுவதில் ருசி உள்ளவர்கள் |

துலூஸை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். நல்ல ஊர், அதனால்தான் விட்டேன். பெரிய நகரத்துக்குள் சாமானோடு நுழைந்து வெளியேறவே இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்கு இரண்டு இரவாவது கொடுக்க வேண்டும்.

எந்த ஊருக்கும் பொருந்தும் சில சங்கதிகள்

மலிவு ஹோட்டல் அறைகள் பெரும்பாலும் இருவருக்கு, மிஞ்சினால் மூவருக்கு. நாலு பேர் என்றால் இரண்டு அறை, அப்போது "மலிவு" மலிவாக இல்லை. குடும்ப அறை இருக்கிறதா என்று தேடிப் பிடியுங்கள். ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் தனியாக ஒரு சின்னப் பையில் கட்டிவிடுங்கள், பெரிய பெட்டிகளை இறக்கவே கூடாது. சீட்டின் மேல் எதுவும் தெரியும்படி விடாதீர்கள், நெடுஞ்சாலை ஓய்விடங்களில் காசு, போன், பாஸ்போர்ட் எப்போதும் கையோடு. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குள் உட்கார வேண்டும், இரவில் ஏழு ஏழரைக்கு முன்னால் சமையலறை திறக்காது, சின்ன ஊர்களில் ஒன்பதுக்கு மேல் போனால் பட்டினிதான். நார்போன் பக்கம் வடமேற்கிலிருந்து அடிக்கும் த்ரமோந்தான் காற்று கூரைப் பெட்டி உள்ள காரைப் பிடித்து ஆட்டும், அன்று வேகத்தைக் குறையுங்கள். டோல் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லையென்றால் கண்ணாடியில் ஒட்டும் தானியங்கி டோல் கருவியைக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளலாம். ஆகஸ்டில் ஒவ்வொரு வாசலிலும் சில நிமிடங்கள் மிச்சமாகும்.

ஆரம்பத்தில் சொல்லாமல் விட்ட அந்தக் கடைசி இடம் போன் து கார். நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோக ரோமானியர்கள் கட்டிய மூன்றடுக்கு நீர்ப்பாலம், 49 மீட்டர் உயரம், அவிஞோனுக்கு 25 கிலோமீட்டர் முன்னால். எந்த வழியில் வந்தாலும் மதியம் இரண்டு மூன்று மணிக்கு இங்கே வந்துவிடலாம், சாவி கிடைக்கும் ஐந்து மணி வரை இங்கேயே இருக்கலாம். பாலத்துக்குப் பக்கத்தில் கார்தோன் ஆற்றில் பிள்ளைகள் குளிப்பார்கள். கரை முழுக்கக் கூழாங்கல், வெறுங்காலில் நடக்க முடியாது. அதனால் காலையில் டிக்கியை மூடும்போது நீச்சல் உடை, துண்டு, பழைய செருப்பு மூன்றையும் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.